கீழ்த்தளத்து ரயில்

காலையில் மனைவி வெர்னா வைத்த ஓட்ஸ் கஞ்சியை லீலண்ட் தொடவில்லை. முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பக்கவாதத்தில் ஒரு கையும் காலும் விழுந்துவிட்டதால் சக்கர நாற்காலிதான். கீழ்த்தளத்துக்குப் படியிறங்க வழியில்லை. அங்கேதான் முப்பது வருடமாக அவர் கட்டிய பொம்மை ரயில் உலகம் இருந்தது. பென்சில்வேனியா மலைகள், சுரங்கப்பாதைகள், நிலக்கரி வண்டிகள்... கொஞ்ச நாளாக அங்கிருந்து ரம்பச் சத்தம் வந்தது. என்னவென்று கேட்டால் வெர்னா வாயே திறக்கவில்லை.

அவர் மகளைக் கூப்பிட்டுவிட்டார். பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்த கோரின், மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“உனக்கு அது என்னைக்கும்மா பிடிச்சிருக்கு? அப்பா விழுந்ததும் அறுத்துப் போட்டுட்டே, இல்ல?”

வெர்னா கீழ்த்தளத்துப் படியைப் பார்த்தாள். எத்தனை மாலைகள் படியின் மேலே நின்று சாப்பிடக் கூப்பிட்டிருப்பாள்! இறங்கி வந்து பாரேன் என்று அவர் ஒரு நாள் சொல்லமாட்டாரா என்று ஏங்கியிருப்பாள்... துணி துவைக்க இறங்கும்போது ஓரக்கண்ணால் பார்த்ததோடு சரி.

பூட்டிவைத்திருந்த சாப்பாட்டு அறையைத் திறந்து, லீலண்டின் நாற்காலியை உள்ளே தள்ளிப்போனாள்.

மேசை இல்லை. அவள் தாய்வீட்டுப் பீங்கான் அலமாரியும் இல்லை. அந்த இடத்தில், உட்கார்ந்தபடியே கை எட்டும் உயரத்தில், அவருடைய ரயில் உலகத்தின் ஆற்று வளைவும் குட்டி ஸ்டேஷனும் நின்றன. அறுத்த ஓரங்கள் கோணலாக இருந்தன. பசை அங்கங்கே கட்டிதட்டியிருந்தது.

“முழுசாக் கொண்டுவர முடியல, லீலண்ட். இதை மட்டும்தான் அறுத்து எடுத்தேன். பக்கத்து வீட்டு ரஸ் தூக்கிக் குடுத்தான். ஓடுமான்னே தெரியாம உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீ ஆசைப்பட்டு ஏமாந்தா... அதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல.”

லீலண்ட் நல்ல கையால் ரயிலை ஓட்டும் குமிழைத் திருப்பினார். எஞ்சின் குலுங்கி நகர்ந்தது. ஆற்றைத் தாண்டி, ஒட்டுப்போட்ட இடத்தில் சாய்ந்து விழுந்தது.

“உங்கம்மா அலமாரி எங்க?”

“குடுத்துட்டேன்.”

கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை.

“இந்த இடத்துல தண்டவாளத்தை லேசாத் தூக்கணும். எனக்கு ஒரு கை பத்தாது. வந்து பக்கத்துல உக்காரு, வெர்னா.”

கோரின் அழுதபடி பின்னாலிருந்து தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “மன்னிச்சிரும்மா...”

வெர்னா மகளின் கையைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எங்கே பிடிக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டாள்.