அழ வைத்த மொழிபெயர்ப்பு

செவ்வாயின் மூன்றாம் குமிழ்நகரில் புத்தக விழா தொடங்கினால், உடைந்த எலும்பை ஒட்டும் எந்திரன்களுக்கு முழு மின்னேற்றம் செய்து வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். பூமியிலிருந்து வந்த பழைய போர்க்காவியம் அங்கே யாருக்கும் மூலத்தில் புரியாது. மொழிபெயர்ப்புகள் இரண்டு இருந்தன. ஒன்று செய்யுளில், மற்றது உரைநடையில். எது சிறந்தது என்பதில் ஊரே இரண்டுபட்டு, ஆண்டுதோறும் மண்டைகள் உடைந்தன.

மருத்துவர் பொற்கொடியின் மேசைக்கு இந்த முறை வந்தவன் அவளுடைய தம்பி இறையன். உரைநடை அணி. இடது கண் போயிருந்தது.

"அப்படி என்னடா இருக்கு அந்தப் புத்தகத்துல?"

"நான் எங்கக்கா படிச்சேன்? நம்மாளைக் கேவலமாப் பேசினாங்க, அடிச்சேன்."

ஆத்திரத்தோடு இரண்டு நூல்களையும் வாங்கிவந்து உட்கார்ந்தாள். எழுந்திருக்க மனம் வரவில்லை. போர்க்களத்தில் செய்யுள் துள்ளியது. வீட்டுக் காட்சிகளில் உரைநடை நெஞ்சைப் பிழிந்தது.

மறுநாள் மைதானத்தில் இரும்புக்குழாய்கள் மோதிக்கொண்டிருந்தபோது, ஒலிபெருக்கியைப் பிடுங்கிப் படிக்கத் தொடங்கினாள். எதிரிப் படையின் குழம்பில் பேதி மருந்தைக் கலந்து போரை ஜெயித்த சமையல்காரனின் கதைக்கு, பல் உடைந்தவர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். குழாய்கள் தாழ்ந்தன. வென்று திரும்பிய படைத்தலைவனின் முகத்து இரத்தத்தைப் பார்த்துப் பயந்து, பெற்ற மகளே கதவைத் தாழிட்டுக்கொண்ட இடத்தில் ஒருவரும் அசையவில்லை. இறையனின் கண்ணைக் குத்திய செய்யுள் அணித் தலைவன் மாவேந்தன் தேம்பித் தேம்பி அழுதான்.

அவள் முடித்ததும் கண்களைத் துடைத்துக்கொண்டு அருகே வந்தான்.

"என் ஆயுசுல இப்படி ஒண்ணு கேட்டதில்ல, டாக்டரம்மா. எங்க செய்யுள்தானே?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு வாய் வரவில்லை.

"நீங்கல்லாம் சிரிச்சது செய்யுளுக்கு. அழுதது உரைநடைக்கு."

"அவனுங்க செய்யுளுக்கா நாம சிரிச்சோம்?" என்று உரைநடைக்காரன் ஒருவன் பின்னாலிருந்து கத்தினான்.

மாவேந்தன் ஈரம் காயாத முகத்தோடு குனிந்து குழாயை எடுத்தான். "ஏமாத்தி அழ வச்சுட்டாடா என்னை!"

பொற்கொடியின் மேல் விழுந்த முதல் அடி அவனுடையது. அடுத்தது எதிரணியிலிருந்து விழுந்தது. அந்த ஊரில் இரண்டு அணிகளும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.