ஏலத்தில் ஒரு கேள்வி

காலையில் இட்லிக்குச் சட்னி உண்டா இல்லையா என்பதை எங்கள் பல்கலைக்கழகத்தில் தரப்பலகைதான் முடிவு செய்யும். நாட்டில் நாங்கள் எத்தனையாவது இடம் என்று எல்லாச் சுவர்களிலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். முதல் பத்துக்குள் இருந்தால் சட்னி, சாம்பார், வடை. வெளியே விழுந்தால் பொடி.

“பதினொண்ணு. பொடிதான்,” என்றாள் என்னோடு ஆய்வகத்தில் இருக்கும் ஜெனிட்டா. “ஏ இசக்கி, உன் உப்பளத்துக் கேள்வி இருக்கிறதாலதான் இதாவது கிடைக்குது. விடையக் கண்டுபிடிச்சுத் தொலைச்சிராதடி.”

அவள் சிரித்தாள். விடையை நான் போன வாரமே கண்டுபிடித்துவிட்டேன்.

என் அம்மா தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாருகிறவள். வெயில் இப்படி ஏறிப்போன பிறகு குளிர்சட்டை இல்லாமல் பாத்தியில் நிற்க முடியாது. ஏசிச் சட்டை என்பார்கள் அங்கே. போட்டு நின்றவர்களுக்கு ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் கெட்டது. ஏன்? அந்தக் கேள்வியோடுதான் இங்கே வந்தேன். சட்டையின் குளிர்ப்பூச்சு வியர்வையில் கரைந்து தோல் வழியே உள்ளே போகிறது. அவ்வளவுதான் விடை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகங்களுக்குள் போட்டி இல்லையென்றால் நான் ஆய்வு படிக்க வந்திருக்கவே மாட்டேன். ஆள் பிடிக்கிற போட்டியில்தான் இந்த ஆய்வகங்களைக் கட்டினார்கள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கிய என்னைத் தேடி மூன்று பல்கலைக்கழகங்களின் வண்டிகள் எங்கள் சந்துக்குள் நுழைய முடியாமல் முட்டிக்கொண்டு நின்றன. அதற்கு முன்னால் எந்தக் கல்லூரி எங்களை எட்டிப் பார்த்தது?

ஆனால் ஜெயித்தது யார் என்று எதை வைத்துச் சொல்வது? முதலில் விடைகளை எண்ணினார்கள். விடை வெளியானதும் பொதுச்சொத்தாகிவிடுகிறது, எதிரியும் எடுத்துக்கொள்கிறான். எனவே கேள்விகளை எண்ண ஆரம்பித்தார்கள். ஒரு பல்கலைக்கழகம் பதிவு செய்த கேள்வியை வேறு யாரும் தொடக் கூடாது. நாளைக்கு என்னவோ தரப்போகிறது என்கிற நம்பிக்கைக்குத்தான் புள்ளி. விடை வந்த அன்று புள்ளி போச்சு. அனுமதியில்லாமல் வெளியே சொன்னால், அம்மாவிடம்கூட, சொன்னவரின் படிப்பும் போச்சு.

போன வாரம் வினாப்பதிவுத் துறைத் தலைவர் சாந்தகுமாரிடம் போனேன்.

“வெளியிடுங்க சார். அங்க தினமும் போட்டுட்டு நிக்கிறாங்க.”

“யாரும்மா வேண்டாம்னா? அட்மிஷன் சீசன் முடியட்டும்.”

“அதுவரைக்கும் அவங்க கிட்னியும் சீசன் பாத்துக் கெடுமா சார்?”

“உங்களுக்கு வாய் ஜாஸ்தி,” என்றார்.

நேற்று எதிரிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். கேள்வியை வாங்கிக்கொள்ளுங்கள், விடையோடு வருகிறேன், வந்ததும் வெளியிடுங்கள் என்று. இரண்டு கடைக்காரர்கள் முட்டிக்கொண்டால் வாங்குகிறவனுக்கு லாபம் என்று நம்பித்தான் எழுதினேன்.

இன்று காலை அவர்கள் ஏலம் கேட்டார்கள். எங்கள் ஆட்கள் ஏற்றிக் கேட்டார்கள். அவர்கள் அதற்கு மேல். ஏற ஏற என் கேள்வியின் மதிப்பும் ஏறியது. நண்பகலுக்குள் பலகையில் நாங்கள் ஆறு. “உன் புண்ணியம்டி,” என்று ஜெனிட்டா சுடச்சுட வடை கொண்டுவந்து நீட்டினாள். அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு மதிப்பு ஏறிய கேள்விக்கு இனி எவனும் விடை வெளியிடமாட்டான். அவர்களும் மாட்டார்கள்.

சாந்தகுமார் அறைக்குப் போய், அவர் மேசையிலேயே ஃபோனை வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

“எம்மா, சட்டையக் கழத்து.”

“என்னட்டி சொல்லுத? உச்சி வெயிலு.”

“அதுதான் கிட்னியக் கெடுக்கு. பூச்சு வேர்வையில கரஞ்சு உள்ள போவுது. எல்லார்ட்டயும் சொல்லு. கத்திச் சொல்லு.”

அம்மா கத்துவது கேட்டது. “ஏ பொன்னுத்தாயி! ஏசிச் சட்டையக் கழத்துங்கட்டி! எம்மவ சொல்லுதா!” வளாகத்து அலைவரிசையில் பேசுவதெல்லாம் பதிவாகும். விடை வெளியே போனதைப் பலகை உடனே கண்டுகொண்டது. ஒன்பது. பதினேழு. இருபத்தாறு.

“நீங்க வெளிய போகலாம். நிரந்தரமா,” என்றார் சாந்தகுமார். என் நீக்க ஆணையைத் தட்டத் தொடங்கினார்.

அம்மா ஃபோனுக்குத் திரும்பி வந்தாள். மூச்சு வாங்கியது. “கழத்திட்டோம்ட்டி. நெருப்பா எரியுது. இது இல்லாம எப்படி நிக்க? வேற எதப் போட்டுக்கிட்டு நிக்க?”

சாந்தகுமாரின் விரல்கள் நின்றன. வினாப்பதிவைத் திறந்து தேடினார். அம்மா கேட்ட கேள்வியை யாரும் பதிந்திருக்கவில்லை. ஃபோன் பக்கம் குனிந்தார். குரல் அப்படியே குழைந்தது.

“அம்மா, வணக்கம். இப்பக் கேட்டீங்களே, அதை இன்னொரு தடவை நிதானமா சொல்றீங்களா?”

பெரிய இடத்து மனிதர் கேட்கிறாரே என்று அம்மா ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். அவர் தட்டினார். நான் ஃபோனைப் பிடுங்குவதற்குள் பதிவு முடிந்துவிட்டது. பலகை ஏறத் தொடங்கியது.

“எழுதிக்கிட்டாகளாட்டி?” என்றாள் அம்மா. “பதிலு எப்பம் சொல்லுவாக? இங்கன ஒதுங்க நெழலு இல்ல.”