பின்பக்க இடது ஸ்பீக்கர்

பின்பக்க இடது ஸ்பீக்கரில் யாரோ மூச்சு விட்டார்கள்.

பகல் இரண்டரை மணி. சினிமாவுக்குச் சத்தம் சேர்க்கிற, ஜன்னலே இல்லாத மிக்ஸிங் அறைக்குப் பகலென்ன, ராத்திரியென்ன! அவன் நாற்காலியைச் சுற்றி ஏழு ஸ்பீக்கர்கள். திரையில், வீட்டுக்குள் பூட்டப்பட்ட மருமகள் ஒருத்தி சுவரோடு ஒண்டி உட்கார்ந்திருந்தாள். வசனம் கிடையாது. அந்த வீட்டின் வெறுமை நாலு பக்கமும் சூழ்ந்துகொண்டு, பார்ப்பவர்களையும் சேர்த்து அமுக்க வேண்டும் என்பது டைரக்டரம்மாவின் உத்தரவு.

வெறுமைக்கும் ஒரு சத்தம் உண்டு. ஷூட்டிங்கில் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். பாம்புக்காதன் என்று பேரெடுத்த சவுண்ட் இன்ஜினியர் அவன், சாப்பாட்டு அவசரத்தில் அதை மறந்து தொலைத்துவிட்டான். சொன்னால் டைரக்டரம்மா தோலை உரித்துவிடுவார். அதனால் நேற்று இதே அறையில் நாலு திசைக்கும் மைக் வைத்து, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றான். ஆளில்லாத ஐந்து நிமிஷம். அதையே படத்தில் ஒட்டிவிட்டான். யாருக்குத் தெரியப்போகிறது?

மறுபடி ஓட்டினான். ஏசியின் மெல்லிய முனகல், கம்பளத்தின் தூசு வாடையே சத்தமாக மாறியது போன்ற மந்தமான இரைச்சல், அதற்கும் அடியில், இழுத்து, நிறுத்தி, ஈரமாக வெளியே விடுகிற ஒரு மூச்சு.

நிறுத்தினான். போன் அதிர்ந்தது. மனைவி.

“பாப்பாவை ஸ்கூல்ல இருந்து கூட்டிக்கிட்டு உங்க ஸ்டூடியோ தெருமுனைக்கே வந்துட்டோம். ‘இதோ அஞ்சு நிமிஷம்’னு ஆரம்பிச்சீங்க, அவ்வளவுதான்!”

“சரிம்மா தாயே, வந்துடறேன்.”

“பக்கத்துல யாரு? மூச்சு வாங்குற மாதிரி கேக்குது?”

“யாருமில்லையே.”

லைன் துண்டானது. திரையைப் பார்த்தான். படம் நின்றுதான் இருந்தது. ஆனால் மூச்சு நிற்கவில்லை.

போனை மேஜையிலேயே போட்டுவிட்டுக் கதவுக்கு ஓடினான். பஞ்சு திணித்த கனத்த கதவு, உள்பக்கமாகத் திறப்பது. கைப்பிடியை அழுத்தி இழுத்தான். வரவில்லை. சுவரில் காலை ஊன்றி இழுத்தான். ம்ஹூம். பயந்துவிட்டான். வெட்கமில்லாமல், குழந்தை மாதிரி பயந்துவிட்டான்.

மூச்சு இப்போது பக்கவாட்டு இடது ஸ்பீக்கரில். எந்த ஸ்பீக்கர் எங்கே என்று அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும். சத்தம் நகர்கிறது. கதவருகே இருந்த, ஸ்பீக்கர்களின் மெயின் ஸ்விட்சைத் தட்டினான். ஏழு ஸ்பீக்கரின் விளக்குகளும் அணைந்தன.

மூச்சு மட்டும் வந்தது.

மேஜைக்கு இந்தப் பக்கம். ஆறடி. நாலடி. இப்படியொரு காது தனக்கு ஏன் வாய்த்ததென்று அழுகை வந்தது.

கதவின் சின்னக் கண்ணாடியில் வெளிச்சம் தெரிந்தது. வராந்தாவில் மனைவி. கையைப் பிடித்துக்கொண்டு பாப்பா. கதவைத் தட்டினான், கத்தினான். ஒரு முணுமுணுப்புகூட வெளியே போகாது. அவனே நின்று பார்த்துக் கட்டிய அறை. மனைவி சிரித்தாள். வழக்கமான கோமாளித்தனம் என்று நினைத்திருப்பாள். வெளியிலிருந்து தள்ளினாள்.

அவனுக்குத் திறக்காத கதவு லேசாக அசைந்தது.

அப்பாடா!

பின்னால் மூச்சு நின்றது. காத்திருப்பது போல.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வெளியிலிருந்து யாராவது திறந்தால் அதுவும் வெளியே போகத்தான் பார்க்கிறது.

தோளைக் கொடுத்துக் கதவை அழுத்தினான். ‘வேண்டாம்’ என்று கண்ணாடியில் தலையை ஆட்டினான். போயிடு. கூட்டிக்கிட்டுப் போயிடு. பாப்பாவுக்கு விளையாட்டு. குதித்துக் குதித்து அவளும் தள்ளினாள். அழுத்தினான். கைப்பிடியை விடவில்லை.

அவன் கைமேல் இன்னொரு கை.

சில்லென்று.

இழுத்தது.

கதவு இரண்டு விரற்கடை திறந்தது. வராந்தாவின் சத்தம் உள்ளே வந்தது.

“அப்பா, தோத்துட்டீங்க!”

இடுக்கு வழியே பாப்பாவின் குட்டி விரல்கள், நாலும், கதவின் ஓரத்தைப் பற்றிக்கொண்டன. இனி சாத்த முடியாது. சாத்தினால் நசுங்கும்.

அவன் காதோரம் இருந்த மூச்சு மெல்லக் கீழே இறங்கியது. தோளுக்கு. இடுப்புக்கு. அந்த விரல்களின் உயரத்துக்கு.