நொடிக்குரல்

யூரோப்பாவிலிருந்து அன்றைய ஓகே, காப்பி ஆறுவதற்குள் வந்து சேர்ந்தது. பூரணி காதில் வைத்துக் கேட்டாள். 'ஓ' கொஞ்சம் இழுத்திருந்தது. 'கே' பட்டென்று முடிந்தது. சாப்பிட்டிருக்கிறார், யாரோடோ சண்டை, ஆனால் பெரிய சண்டை இல்லை. நிம்மதியாகத் தோசை வார்க்கப் போனாள்.

கதை விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். வியாழனின் நிலவான யூரோப்பாவில் பனிக்கட்டியைத் துளைத்து, அடியிலுள்ள கடலைத் தொடவேண்டும். ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்ட திருச்செங்கோட்டுக்காரர்களை விட்டால் அதற்கு வேறு யார்? பூரணியின் கணவர் செங்கோட்டுவேல்தான் அங்கே தலைமைத் துளைப்பாளர். மின்சாரத்துக்குப் பஞ்சமான இடம். ஆய்வுத் தகவல் போக, வீட்டுக்கென்று ஒதுக்கியது நாளுக்கு ஒரே நொடி. அதில் பத்து வரி எழுத்தாக அனுப்பலாம், அல்லது ஒரு சொல்லைக் குரலாக அனுப்பலாம். குடும்பங்கள் குரலைத்தான் கேட்டு வாங்கின. நொடிக்குரல் என்று அதற்குப் பெயர் வந்தது. எல்லா நாட்டுக்காரர்களுக்கும் தெரிந்து, நொடிக்குள் அடங்கும் சொல் ஓகே. பூமியிலிருந்து மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். மனைவி பேசப் பேசக் கணவன் ஓகே மட்டும் சொல்வது நம் வீடுகளில் புதிதா என்ன?

ஆனாலும் என்ன அருமையான சொல் அது! சம்மதம், சலிப்பு, சமாதானம், 'நீ சொன்னால் சரி', 'ஆளை விடு' என்று எதைப் போட்டாலும் கொள்ளும். இரண்டு வருடத்தில் பூரணி அத்தனையும் படித்துவிட்டாள். பொய்க்கு மட்டும் அதில் இடம் போதவில்லை.

அப்புறம் ஒளிப்பாலம் வந்தது. லேசர் கற்றையில் மணிக்கணக்காகப் பேசலாம், முகமும் தெரியும். ஊரில் பட்டாசு வெடித்தார்கள். அதைப் பொருத்துவதற்காக நொடிக்குரலை ஒரு மாதம் முன்பே நிறுத்தியிருந்தார்கள்.

செங்கோட்டுவேல் முதல் நாளே ஒரு மணி நேரம் பேசினார். "எனக்கென்ன கண்ணு, ராசாவாட்டம் இருக்கறேன். இந்தக் கப்பல்ல நான் வரல. தண்ணியப் பாக்காம போர்வெல் ரிக்க எறக்குனா நம்மூர்ல சிரிப்பாங்க" என்றார். சிரித்தார், பாட்டுக்கூடப் பாடினார்.

பூமிக்குத் திரும்பும் கப்பல் அந்த வாரம் கிளம்பும். அடுத்தது மூன்று வருடம் கழித்துத்தான். நாடியையும் ரத்தத்தையும் கருவிகள் கவனித்துக்கொள்ளும். மனசை அவரவர் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. பூரணி அந்தப் பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒன்றும் பிடிபடவில்லை.

"ஏனுங்க, ஒரே ஒருக்கா ஓகே சொல்லுங்க. வேறெதும் வேண்டாமுங்க" என்று அனுப்பினாள்.

கேள்வி போய்ப் பதில் வர ஒன்றரை மணி நேரம். வந்த பதில் நீளமாக இருந்தது. துளையின் ஆழம், சோற்றின் ருசி, மகளின் படிப்பு எல்லாம் இருந்தன. அந்தச் சொல் மட்டும் இல்லை.

பூரணி கட்டுப்பாட்டு மையத்தில் குடும்பத் தொடர்பு அதிகாரியான ரோஸ்லினைக் கூப்பிட்டாள். "அவருக்கு மனசு சரியில்லீங்க."

"நல்லாத்தானேம்மா பேசறாரு? முடியலன்னு சொன்னாரா?"

"இல்லீங்க. ஓகே சொல்ல மாட்டேங்கறாருங்க."

ரோஸ்லின் சிரிக்கவில்லை. அவள் தம்பியும் யூரோப்பாவில்தான் இருந்தான். மையத்தின் மருத்துவரிடம் சொல்லி, அவரையே நேராகக் கேட்க வைத்தாள். மருத்துவரிடம் செங்கோட்டுவேல் வெகுநேரம் சமாளித்தார். பிறகு அழுதுவிட்டார். ஒரு மாதமாகத் தூக்கமே இல்லை. கண்ணை மூடினால் பனி உடைந்து தலைமேல் விழுகிறதாம். கப்பலில் ஏற்றினார்கள்.

அவர் பாதி வழியில் இருந்தபோது யூரோப்பாவில் தண்ணீர் வந்தது. உலகமே கொண்டாடியது. துளையில் முதல் நீரைப் பார்த்தது வேறொருவர். பூரணிக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. "எம்மேல கோவமுங்களா?" என்று கேட்டு அனுப்பினாள்.

கப்பலிலும் ஒளிப்பாலம் இருந்தது. நாள் முழுக்கப் பேசலாம். பதிலாக வந்தது ஒரே நொடி.

"ஓகே."

பூரணி கேட்டாள். கோபம் இருந்தது. தண்ணீரைப் பார்க்காத ஏமாற்றம் நிறையவே இருந்தது. இன்னொரு முறை கேட்டாள். எல்லாவற்றுக்கும் அடியில் கரகரவென்று ஒன்று; வெகுநாளாய்க் கேட்காத ஒன்று.

மனுஷன் தூங்கி எழுந்திருக்கிறார்.