கொடுக்கவில்லை என்று சொன்ன பால்

காலை இடியாப்பம் இன்னும் தட்டிலிருந்து இறங்கவில்லை. அதற்குள் ஜன்னத் பீவி கூடத்தின் குறுக்கே கயிறு கட்டத் தொடங்கிவிட்டாள். இந்தச் சுவரில் ஓர் ஆணி, அந்தத் தூணில் ஒரு முடிச்சு. தன் பழைய பச்சைச் சேலையை உதறி அதன்மேல் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்துச் சரிபார்த்தாள்.

"இனிமே கபீரு இந்தப் பக்கம்... அந்தப் பொண்ணு அந்தப் பக்கம். அவ்வளவுதான்!"

அந்தப் பொண்ணு என்று அவள் சொன்னது நூர்ஜஹானை. நேற்றுவரை அந்த வீட்டில் நூர்ஜஹானை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

சாப்பிட உட்கார வந்த அஹமது கபீர், கையில் தட்டோடு அப்படியே நின்றான். "என்ன மாமி விளையாடுறீங்க? நூரு என் தங்கச்சி!"

"நேத்து வரைக்கும் தங்கச்சி. ஒரே தாய்ப்பால் குடிச்ச புள்ளைங்கன்னு நானும் நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன். உன்னைப் பெத்தவளே இல்லன்னு சொல்லிட்டாளே! பாலும் இல்ல, ரத்தமும் இல்லன்னா அவ உனக்கு யாரு? வயசு வந்த பையனும் அந்நியப் பொண்ணும் ஒரே கூடத்துல உக்காந்து திங்க மார்க்கத்துல இடம் இருக்கா? நீயே சொல்லு!"

ஜன்னத் பீவி கெட்டவள் இல்லை. கணவன் இறந்தபின், பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான், தம்பி அப்துல் வஹாபின் வீட்டோடு வந்து சேர்ந்தவள். அவளுக்கு எல்லாமே கோடு போட்டதுபோல் இருக்க வேண்டும். அந்தக் கோட்டில் யார் கால் அகப்பட்டாலும் அவளுக்குக் கவலையில்லை.

அடுப்படியில் வஹாபின் மனைவி ஹமீதா பானு, கபீரைப் பெற்றவள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. நல்லதாகப் போயிற்று, கண்ணீருக்கு ஒரு சாக்கு.

நூர்ஜஹான் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். இரவெல்லாம் அழுத முகம்.

"மாமி... குழாயில தண்ணி வருது. குடத்தை எடுத்துட்டுப் போகவா?"

மாமி! பேச்சு வந்த நாளிலிருந்து 'உம்மா' என்று அழைத்த வாய் அது. ஹமீதா பானுவின் கை இடியாப்பத் தட்டில் பட்டுச் சுட்டது. அவள் கையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை.

நூர்ஜஹானின் தகப்பன் அல்லா பிச்சை வாடகைக்கு மாட்டுவண்டி ஓட்டியவன். வஹாபின் கூட்டாளி. அறுவடைக் கூலிக்காகத் தஞ்சாவூர்ச் சீமை முழுக்கக் கொந்தளித்துக்கொண்டிருந்த காலம் அது. வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்த நெல்லை ஏற்றி வந்த அவன் வண்டி, மறித்த கூட்டத்துக்கும் போலீசுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மாடு மிரண்டது, வண்டி வாய்க்காலில் குடை சாய்ந்தது. அதற்கு அடியில் போய்விட்டான். அவனுக்கு அந்தப் பக்கமும் சண்டையில்லை, இந்தப் பக்கமும் சண்டையில்லை. துக்கத்தில் விழுந்த அவன் பெண்டாட்டியும் காய்ச்சலில் கண் மூடினாள். மிச்சமிருந்தது ஒரு கைக்குழந்தை. அதை ஹமீதா பானுவிடம் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தவள் தனபாக்கியம். வஹாபின் நிலத்தைக் குத்தகைக்கு உழும் உத்திராபதியின் மனைவி.

அதெல்லாம் ஒரு காலம். இன்று அதே நிலத்துக்காக வஹாபும் உத்திராபதியும் கோர்ட்டில் நிற்கிறார்கள். சாகுபடி உரிமை என்கிறான் அவன், குத்தகை பாக்கி என்கிறார் இவர். ஊர்ப் பார்வைக்கு வஹாப் நிலக்காரர். அந்த நிலத்திலிருந்து ஒரு படி நெல் வீட்டுக்கு வந்து வருஷமாகிறது. மளிகைக் கடையில் வருவது வக்கீலுக்கும் வாய்க்கும் சரியாகப் போகிறது.

இந்த நிலையில்தான் நூர்ஜஹான் பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்து நின்றாள். தஞ்சாவூர் பெண்கள் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. சம்பளத்துக்கும் விடுதிக்கும் எங்கே போவது? சிங்கப்பூரில் கடை வைத்திருந்த ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் கல்விக் கமிட்டி ஒன்று இருந்தது. தகப்பனை இழந்து பிறர் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளைக் காலேஜில் படிக்கவைப்பது அதன் வேலை. ஹமீதா பானு கணவரை நச்சரித்து அங்கே சொல்லவைத்தாள்.

நேற்று கமிட்டிச் செயலாளர் மீரா உசேன் விசாரிக்க வந்தார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த ஹமீதா பானுவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இந்தப் புள்ள உங்ககிட்ட பால் குடிச்சு வளர்ந்த புள்ளைன்னு சொல்றாங்களே, நெசமாம்மா?"

பால் கொடுத்தேன் என்றால் நூர்ஜஹான் இந்த வீட்டுப் பிள்ளையாகிவிடுவாள். வீட்டுப் பிள்ளைக்குத் தகப்பன் உண்டு, நிலம் உண்டு, கடை உண்டு. அப்புறம் உதவி ஏது? ஒரு நொடியில் இவ்வளவும் அவள் மனதில் ஓடியது.

"இல்லீங்க... டின் பால்தான் குடுத்தேன். அவ எங்க வீட்டுல வளர்ந்தா, அவ்வளவுதான்."

பின்கட்டில் மாவு டப்பா விழுந்ததுபோல் ஏதோ சத்தம் கேட்டது. நூர்ஜஹான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

கடைக்குக் கிளம்பும் முன் வஹாப் அடுப்படிக்குள் தலையை நீட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஹமீதா, போதும்டி. அந்தப் புள்ள முகத்தைப் பாக்க முடியல. உண்மையைச் சொல்லிடு."

"சொன்னா படிப்பு போயிடும்."

"நீ போயிடுவியேடி! அவ உன்னை மாமிங்கிறா!"

"கூப்பிட்டுட்டுப் போகட்டும்ங்க... தஞ்சாவூர்ல போய்ப் படிச்சுக்கிட்டே மாமின்னு கூப்பிடட்டும். என் மேல ஆணையா, கமிட்டில சரின்னு சொல்ற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது!"

வஹாபுக்கு எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

பாத்திரம் கழுவி முடித்து ஹமீதா பானு உள்ளே வந்தபோது, நூர்ஜஹான் துணிகளை ஒரு பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்புற?"

"நாகூருக்கு. எங்க வாப்பாவோட அண்ணன் அங்கதானே இருக்காரு. நான் இங்க இருந்தா கபீர் நானாவுக்குத்தான் கஷ்டம். சொந்த வீட்டுல திரை போட்டுக்கிட்டு சாப்பிடணும், பாவம்."

"நூரு... பெரியவாப்பா வீட்டுல அவங்களுக்கே இடமில்ல. காலேஜு திறக்கப்போவுது..."

"காலேஜு யாருக்கு வேணும்?" பெண் வெடித்துவிட்டாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பள்ளிக்கூடத்துல எல்லாரும் அநாதைன்னு சொன்னப்ப, நான் எங்க உம்மா பால் குடிச்ச புள்ளைன்னு சண்டை போட்டேன். அது பொய்யா? டின் பாலா? எனக்கு... டின் பாலா?"

ஹமீதா பானு சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண் ஓடிவந்து கட்டிக்கொள்வாள். அவளுக்குப் பொய்யை மறைக்கத் தெரியாது; அந்த வார்த்தையோடு தஞ்சாவூரும் போய்விடும்.

"சாப்பிட்டுட்டுக் கிளம்பு," என்றாள்.

இதைவிடக் கல்நெஞ்சுக்காரியை அந்தப் பெண் எங்கே பார்த்திருப்பாள்!

மதிய லுஹர் தொழுகை முடிந்த கையோடு வஹாபும் மீரா உசேனும் சேர்ந்தே வந்தார்கள். மீரா உசேன் நாற்காலியில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"கமிட்டில சம்மதிச்சுட்டாங்க. படிப்புச் செலவு முழுக்கக் கொடுக்கிறோம். ஆனா..."

கதவுக்குப் பின்னால் ஹமீதா பானு காதைக் கதவோடு வைத்தாள்.

"பொம்பளைப் புள்ளையை விடுதியில சேர்த்துவிடணும், லீவுக்குக் கூட்டிட்டு வரணும். முறைப்படி ஒரு அண்ணன் தம்பி வேணும். இல்லாம அனுப்பக் கூடாதுன்னு பெரியவங்க ஒரே பிடிவாதம். அதுக்குத்தான் நேத்து நான் பாலைப் பத்திக் கேட்டேன். பால் உறவு இருந்தா கபீரு கூடப் பொறந்த அண்ணன் மாதிரி. கவலையே இல்ல. நீங்க இல்லன்னு சொல்லிட்டீங்க. இப்ப என்ன பண்றது?"

"பால்... குடுத்திருந்தா..." கதவுக்குப் பின்னாலிருந்து ஹமீதா பானு கேட்டாள். "வீட்டுப் புள்ளைன்னு சொல்லி உதவியை நிறுத்திட மாட்டீங்களா?"

"யாரும்மா சொன்னா உங்களுக்கு? பால் குடுத்தா உம்மாதான் கிடைப்பா. செத்த வாப்பா திரும்பி வந்துருவாரா? சொத்துல பங்குதான் உண்டா? அவ என்னைக்கும் அல்லா பிச்சை மவதான்!"

ஹமீதா பானு தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ அல்லாவே! குடுத்தேங்க... குடுத்தேன்! ரெண்டு வயசு வரைக்கும் குடுத்தேன்! படிப்பு போயிடுமேன்னு பயந்து பொய் சொல்லிட்டேன்..."

வஹாப் எழுந்தார். "ஆமா பாய். எனக்குத் தெரியும். நானும் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

நூர்ஜஹானின் கையிலிருந்த பை நழுவியது. ஆனால் ஜன்னத் பீவி குறுக்கே வந்து நின்றுவிட்டாள்.

"நேத்து இல்லன்னே. இன்னைக்கு ஆமாங்கிற. நேத்தும் படிப்புக்காக, இன்னைக்கும் படிப்புக்காக! எதை நம்புறது? புருஷன் சொல்ற சாட்சியும் ஒரு சாட்சியா? நாளைக்கு மறுமையில நான்ல பதில் சொல்லணும்!"

சரியான கேள்விதானே! மீரா உசேன்கூடத் தரையைப் பார்த்தார். ஹமீதா பானு தன் பொய்யில் தானே மாட்டிக்கொண்டு நின்றாள். நூர்ஜஹான் ஒருவர் முகத்தை விட்டு ஒருவர் முகமாகப் பார்த்தாள். நம்பவும் ஆசை, நம்பவும் பயம்.

ஜன்னத் பீவி சட்டென்று துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எங்க போற லாத்தா?" என்றார் வஹாப்.

"தனபாக்கியம் வீட்டுக்கு. அவதானே புள்ளையைத் தூக்கிட்டு வந்தா?"

"அவளா! அவ நம்ம மேல வழக்குப் போட்டவ!"

"அதனாலதான் போறேன். நமக்கு வேண்டியவ சாட்சி சொன்னா நான் நம்பமாட்டேன். நம்மளைப் பிடிக்காதவ சொன்னா நம்புவேன்!"

வழக்கு தொடங்கிய நாளிலிருந்து அந்த வாசலை மிதிக்காத தனபாக்கியம், நடவு வயல் சேற்றுக் காலோடு வந்து நின்றாள். உள்ளே வரத் தயங்கினாள். ஹமீதா பானுவைப் பார்த்தாள், பிறகு நூர்ஜஹானைப் பார்த்தாள்.

"இதைப் போய்க் கேக்கவா என்னை நாத்து முடியைக் கீழ போட்டுட்டு வரச் சொன்னீங்க?" என்று சிடுசிடுத்தாள். "இந்தக் கையாலதான் தூக்கிட்டு வந்தேன். பச்சைப் புள்ள, அழக்கூடத் தெம்பில்ல. கபீர் தம்பி அப்பதான் வாயை வச்சிருந்துச்சு. பாயம்மா அதைப் புடுங்கிப் பாயில போட்டுட்டு இதை வாங்கிச்சு. தம்பி வீல்வீல்னு கத்துது. நான்தான் பாவம் பாயம்மான்னேன். 'அவன் நேத்தும் குடிச்சான் தனபாக்கியம், இது குடிக்கலயே'ன்னுச்சு. அப்புறம் நான் எத்தனை தடவை வந்து பாத்திருக்கேன். ரெண்டும் ரெண்டு பக்கம் கிடக்கும்."

"சத்தியமா சொல்றியா?" என்றாள் ஜன்னத் பீவி.

"இந்தா பாருங்க... கோர்ட்டுக்குக் கூப்பிட்டா உங்க தம்பிக்கு எதிராத்தான் சொல்லுவேன். அது நெலம். இது புள்ள குடிச்ச பால். இதுல பொய் சொன்னா என் வயிறு சும்மா விடுமா?"

ஜன்னத் பீவி ஹமீதா பானுவின் முன்னால் போய் நின்றாள். அந்த நிமிர்ந்த முகம் கோணிக்கொண்டு வந்தது.

"மாப்பு பண்ணிடு ஹமீதா. காலையில இருந்து உன்னைக் குத்திக்கிட்டே இருந்தேன். நீ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலயேடி..."

"உங்க மேல என்ன தப்பு மதினி? பொய் சொன்னவ நான்."

மீரா உசேன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கபீரு, திங்கக்கிழமை தங்கச்சியைக் கூட்டிட்டுத் தஞ்சாவூருக்குக் கிளம்பு. பெரியவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்."

நூர்ஜஹான் மெல்ல நடந்து வந்தாள். ஹமீதா பானுவின் காலடியில் உட்கார்ந்தாள்.

"என்னை அடிச்சிருக்கலாம்... படிக்க வேணாம்னு சொல்லியிருக்கலாம். பால் குடுக்கலன்னு எப்படி உம்மா சொல்ல மனசு வந்துச்சு?"

"வரல கண்ணு. சொல்லிட்டு உள்ள வந்து வாயில அடிச்சுக்கிட்டேன். ஆனா ஒண்ணு..." ஹமீதா பானு அவள் தலையைத் தூக்கிப் பிடித்தாள். "நீ படிப்பேன்னா, உன் உம்மாவே இல்லன்னுகூடச் சொல்லுவேன். நீ என்னைத் திட்டிக்கிட்டே படி. படிக்காம மட்டும் இருந்துடாத!"

"படிக்கிறேன் உம்மா! படிக்கிறேன்!"

அந்தப் பெண் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஹமீதா பானு அழுதாள். அந்நிய ஆண் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதும், தெரு முழுக்கக் கேட்கும் என்பதும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஜன்னத் பீவியும் சத்தத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. அவளே போய்த் தெருக்கதவை நன்றாகத் திறந்துவைத்தாள்.