இருநூறு என்ற கோடு

பொற்கொடி மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். நூற்று எண்பத்து நான்கு. பேருந்தில் ஏறியதிலிருந்து இருபது தடவையாவது பார்த்திருப்பாள். அங்கே தோலுக்கடியில் இருந்த அரிசியளவு காவல்மானி, இரத்தத்தில் ஓடும் நோயெதிர்ப்புக் காவலணுக்களை ஓயாமல் எண்ணிக்கொண்டிருந்தது. எச்.ஐ.வி. தின்றது போக மிஞ்சிய அணுக்களை வைத்துத்தான் அவள் கழுத்துக் கட்டியோடு மல்லுக்கட்ட வேண்டும். இரண்டு வருடம் முன்பு கரைந்த புற்று, மறுபடி தலைகாட்டியிருந்தது.

மருந்தின் அளவைத் தீர்மானிப்பது மருத்துவமனையின் கணிப்பான் என்ற இயந்திரம். இருநூற்றுக்கு மேல் முழு மருந்து. குறைந்தால் உடம்பு தாங்காதென்று பாதி. பாதி மருந்தில் பிழைத்தவர் யாரையும் அவளுக்குத் தெரியாது.

அதற்குத்தான் படிக்கட்டு. ஐந்து மாடி விடாமல் ஏறினால், உடம்பில் ஒதுங்கிக் கிடக்கும் அணுக்கள் இரத்தத்துக்கு வந்து எண்ணிக்கை சற்று நேரம் கூடும். முதல் சிகிச்சையின்போது ஒருநாள் லிஃப்ட் பழுதாக, இதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். கண்டதை மூடிவைக்கிற ஆளா? வார்டு முழுக்கச் சொல்லிவிட்டாள். இப்போது தினமும் காலையில் படிக்கட்டில் திருவிழாக் கூட்டம்.

அவளைப் போலவே மருந்துக்கு வந்த சகாயராஜ் மட்டும் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தறி ஓட்டியவர், புற்றால் ஒரு கால் தூணாக வீங்கியிருந்தது.

"எனக்கு ஏறாமயே இருநூத்திப் பத்து. நீ மூச்சு வாங்கிட்டு வா கண்ணு" என்று சிரித்தார்.

மேலே போய்ச் சேர்ந்தபோது இருநூற்று முப்பத்தொன்று. நர்ஸ் மும்தாஜ் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"பாதி மருந்துதாங்க்கா."

"இருநூறைத் தாண்டிருச்சே."

"இன்னைலருந்து கோடு இருநூத்தி அறுபது. கணிப்பானே ஏத்திக்கிச்சு. ரெண்டு வருசமா இருநூத்திச் சொச்சம் காட்டுனவங்கள்ல பாதிப் பேரு முழு மருந்து தாங்காம போயிட்டாங்களாம்."

அந்தப் பாதிப் பேரைப் பொற்கொடிக்குத் தெரியும். ஏறச் சொல்லிக் கொடுத்ததே அவள். இயந்திரம் அவர்கள் படியேறிக் கூட்டிக் காட்டிய எண்ணை நம்பியது, அவ்வளவுதான்.

ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி அளக்கலாம். மீண்டும் ஏறுவதற்காக இறங்கி ஓடினாள். மணிக்கட்டில் எண் இறங்கிக்கொண்டே வந்தது.

"ஆச்சா கண்ணு?" என்றார் சகாயராஜ்.

"கோட்டை ஏத்திட்டாங்கண்ணா. இருநூத்தி அறுபது."

அவர் தன் மணிக்கட்டில் இருநூற்றுப் பத்தைப் பார்த்தார். வீங்கிய காலைப் பார்த்தார். பிறகு கைப்பிடிச் சுவரைப் பற்றி எழுந்தார்.

"எப்புடி ஏறோணும்னு எனக்கும் சொல்லிக் குடு கண்ணு."