கலங்கரை விளக்கிலிருந்து விழுபவன்

மதிய உணவு முடிந்ததும் ராயபுரம் கனவுக்கூடத்தில் படுக்கைகள் நிரம்பிவிடும். நெற்றியில் மூளையுணர்வியை ஒட்டிக்கொண்டு எல்லோரும் ஒரே துப்பறியும் கதையைக் கனவாகக் காண்பார்கள். குற்றவாளி கடைசியில் என்ன ஆவான் என்பதை மட்டும் எழுத்தாளர் எழுதுவதில்லை. உறங்குபவர்களின் மனம் எதில் அமைதியடைகிறதோ, அந்த முடிவை ‘முடிவி’ என்ற இயந்திரம் தேர்ந்தெடுக்கும். பிறகு இதமாக விழித்து, டீ குடித்துவிட்டு வேலைக்குத் திரும்புவார்கள்.

அங்கே கதை எழுதிய நப்பின்னை, தன் கதை ஒன்று இரண்டு கூடங்களில் ஓடியபோதுதான் அந்த வித்தியாசத்தைக் கவனித்தாள். ஒரு கூடத்தின் கனவில் கொலைகாரனாக வந்த நடிகன் விவான், நல்ல சிவப்பு. கலங்கரை விளக்கின் உச்சியில் அவன் மண்டியிட்டு அழுதான். கனவு அவனுடைய சிறுவயதுத் துயரங்களைத் தேடிக் காட்டி, கடலோரத் தோட்டமொன்றில் செடிகளுக்கு நீரூற்ற அனுப்பிவைத்தது. இன்னொரு கூடத்தில் அதே வேடத்தில் வந்தவன் மாசிலாமணி, நல்ல கறுப்பு. அதே கொலை, அதே வசனம். அவன் உச்சியிலிருந்து இறகு போல மெல்ல மெல்ல விழுந்து, பாறையில் செத்தான். உறங்கியவர்கள் முகத்தில் புன்னகை பரவியது.

இயந்திரத்துக்கு நிறம் தெரியாது, ஜனங்கள் விரும்புவதைத்தான் அது தருகிறது என்றார் நிர்வாகி.

மாசிலாமணிக்கு இது முன்பே தெரிந்திருந்தது. பஸ்ஸில் அவன் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காருவதில்லை. பள்ளியில் எது காணாமல் போனாலும் முதலில் அவன் மகளின் பையைத்தான் திறக்கிறார்கள். கூடத்துக்கு விடுமுறை விட்ட ஒரு நாள், தன்னைத் தனியாகப் படுக்கவைக்கும்படி அவன் நப்பின்னையிடம் கேட்டான்.

“எம்மனசு மட்டும் இருந்தா நான் பொழச்சிப்பேன்ல மேடம்?”

காலிப் படுக்கைகளுக்கு நடுவே அவன் உறங்கினான். அவள் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலப் புகை போன்ற கடலுக்கு மேலே, விளக்கின் உச்சியில் அவன் நின்றான், சாய்ந்தான், விழுந்தான்.

விழித்தபோது அவன் முகம் தெளிந்திருந்தது. “நிம்மதியா இருக்கு மேடம்,” என்றான். சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே புரிந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டான்.

நப்பின்னை போதும் என்றாள். அவன் மறுபடி போடச் சொன்னான். மறுபடியும் விழுந்தான். அதற்கடுத்த கனவில் கம்பியைப் பிடித்துத் தொங்கினான்; கை நழுவியது. வெயில் ஜன்னலை விட்டு இறங்கிய நேரத்தில், உச்சியில் நின்றவன் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். இருண்ட சுழற்படிகளில் சுவரைத் தடவியபடி இறங்க ஆரம்பித்தான். கீழே ஒரு போலீஸ்காரர் காத்திருந்தார்.

இம்முறை நெஞ்சு படபடக்க, வியர்த்துப்போய் விழித்தான்.

“கீழ எறங்கி வந்துட்டேன் மேடம். வெலங்கு மாட்டினாங்க. எதுவா இருந்தாலும் கோர்ட்ல வந்து சொல்லுன்னாங்க.”

அதைச் சொல்லும்போது, பரிசு வாங்கி வந்தவனின் குரல் அவனுக்கு இருந்தது.